பியானோவின் விலையும் ஊர்க்காற்றின் ஈரமும்

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில், இருமருங்கும் காற்றாலைகள் சுழலும் மேட்டு நிலத்தில் அமைந்திருக்கும் குண்டடம், பியானோ என்னும் வாத்தியத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற ஊரன்று. வடுகநாதர் கோயிலையும் வாரச்சந்தையையும் உப்பாறு அணையையும் சொன்னால்தான் வெளியூரார்க்கு அதன் அடையாளம் விளங்கும். ஆயினும் திருப்பூர்ப் பனியன் தொழிலில் நாலு காசு சேர்த்து ஊர்ப்புறத்தில் வீடு கட்டிக்கொண்ட குடும்பங்களில், குழந்தைகளை டிரினிட்டி இசைப் பரீட்சைக்குத் தயார் செய்யும் வழக்கம் இப்பொழுது பரவி வருகிறது. இரண்டு மூன்று படிகள் தேறியதும், மேசைமேல் வைக்கும் கீபோர்டு போதாது, பியானோவே வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிடுகிறார். நல்ல பியானோ சகாய விலையில் எங்கே கிடைக்கும் என்பதே அதன்பின் அந்த வீட்டாரின் கேள்வி. நியாயமான கேள்விதான்; ஆனால் இதற்கு விடை கடைக்காரரிடத்தில் பாதியும், ஊரின் சீதோஷ்ணத்தில் பாதியுமாக இருக்கிறது என்பதைப் பலர் பணம் கொடுத்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

பியானோவின் உள்ளே நடப்பதை முதலில் அறிந்துகொண்டால் விலையைப் பற்றிய விஷயம் தானே தெளிவாகும். 1700ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர் செய்த முதல் பியானோவில், கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியொன்று எழுந்து தந்தியைத் தட்டிவிட்டு உடனே விலகிக்கொள்ளும் ஏற்பாடு அமைந்திருந்தது. மெதுவாக அழுத்தினால் மெல்லிய நாதமும் வேகமாக அழுத்தினால் உரத்த நாதமும் எழும்பும் அந்த வித்தையே இன்று வரை பியானோவின் உயிராக இருந்து வருகிறது. நாளடைவில் தந்திகளின் எண்ணிக்கையும் தடிமனும் பெருகி, அவற்றின் இழுவையை மரச்சட்டம் தாங்காமற் போகவே, 1825இல் பாஸ்டன் நகரத்து ஆல்பியஸ் பாப்காக் ஒரே வார்ப்பாக அமைந்த இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பியானோவில் 88 கட்டைகளும் ஏறத்தாழ 230 தந்திகளும் உண்டு. தந்தி ஒவ்வொன்றும் 70 முதல் 90 கிலோ வரை இழுவை கொண்டது. யாவும் சேர்ந்து 18 டன்னை ஒட்டிய பாரமாகிறது. வரவேற்பறையில் சுவரோரமாக மௌனமாய் நிற்கும் அந்தப் பெட்டி, இரவும் பகலும் இத்தனை பெரிய இழுவையைச் சுமந்துகொண்டேதான் நிற்கிறது.

இந்த இழுவையைத் தாங்குவது இரும்பே என்றாலும், அதைப் பிடித்து நிறுத்துவதும் நாதமாக மாற்றுவதும் மரம். தந்தி ஒவ்வொன்றின் ஒரு முனையும் ஒரு முறுக்காணியில் சுற்றப்பட்டிருக்கிறது. அந்த ஆணி, மேப்பிள் முதலிய கடின மரத் தகடுகளை ஒட்டிச் செய்த பலகையில் உராய்வு ஒன்றினாலேயே நிற்கிறது. தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றில் பரப்பும் ஒலிப்பலகை, ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்தேச ஊசியிலை மரத்தின் மெல்லிய பலகை; அதன் கனம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தந்திகள் தம்மைத் தாங்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டின் வழியாகத் தன்னை அழுத்தும்போது அமுங்கிவிடாமல் எதிர்த்து நிற்பதற்காக, கண்ணுக்குப் புலப்படாத அளவில் மேல்நோக்கி வளைத்தே அதை அமைப்பார்கள். பியானோவின் ஆயுள் இவ்விரண்டு பலகைகளின் ஆயுள்தான். மேலே பூசிய கறுப்பு வார்னிஷும், மூடியின் உட்புறம் பொன்னெழுத்தில் பொறித்த ஜெர்மானியப் பெயரும் இவற்றுக்கு யாதொரு ஒத்தாசையும் செய்வதில்லை.

மரம் வெட்டப்பட்டுப் பல தலைமுறைகள் கழிந்த பிறகும் காற்றிலிருந்து நீரை வாங்குவதையும் திருப்பித் தருவதையும் விடுவதில்லை. காற்றின் ஈரப்பதம் நீண்ட காலம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றால், மரத்தின் எடையில் ஏறத்தாழ 13 சதவீதம் நீராக இருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இதுவே சாதாரண நிலைமை. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கினால் மரத்தின் நீரும் 9 சதவீதத்தை நோக்கி இறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் நமது கொங்கு மேட்டில், மாசி பங்குனியின் பகற்பொழுதுகளில் காற்றின் ஈரம் 40க்கும் கீழே போய்விடுவது வழக்கம்; இரவில் மீண்டும் ஏறும். மரம் ஒவ்வொரு மணி நேரத்து மாறுதலையும் பின்பற்றாமல் வாரக்கணக்கில் சராசரியைத் தேடிச் செல்வதால், இங்கே கோடையில் அது வந்து சேரும் நிலை அந்த 9 சதவீதத்தை ஒட்டியே இருக்கும் எனலாம்.

நாலு சதவீத வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அப்படியல்லவென்று தெரியும். பச்சை ஸ்ப்ரூஸ் முற்றிலும் உலரும்போது, ஒலிப்பலகைக்கு அறுக்கும் முறையில், நாரிழைக்குக் குறுக்காக ஏறக்குறைய 4 சதவீதம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் முழுவதும், மரத்தின் நீர் 28 சதவீதத்திலிருந்து சூனியத்துக்கு இறங்கும் இடைவெளிக்குள் நிகழ்வது. ஆகவே நாலு சதவீத நீர் வெளியேறினால், ஒரு மீட்டர் அகலமுள்ள பலகை 6 மில்லிமீட்டரை ஒட்டிச் சுருங்க முயலும். முயலும் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனெனில் அதன் விளிம்புகள் சட்டத்தில் ஒட்டப்பட்டு அசைய முடியாமல் இருக்கின்றன. அசைய முடியாத பலகை சுருங்க விரும்பினால் வளைவை இழக்கும். வளைவு இறங்கியதும் தந்திகளின் இழுவை தளர்ந்து சுருதி கீழே போகும். அதற்கு மேலும் உலர்ந்தால் நாரிழையோடு வெடித்துப் பிளக்கும்.

இதில் யோசிக்கத் தக்க விசேஷம் ஒன்று உண்டு. வெடிப்பு உலர்ந்த ஊரில் தோன்றினாலும் அதற்கு விதை விழுவது பெரும்பாலும் ஈரமான ஊரிலேதான். கடற்கரையில் பல ஆண்டுகள் நின்ற பலகை, நீரை வாங்கி விரிய முயன்று, விரிய இடமில்லாமல், தன் இழைகளைத் தானே நசுக்கிக்கொள்கிறது. நசுங்கிய இழை பிறகு உலர்ந்தாலும் பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை. முறுக்காணியைச் சுற்றியுள்ள மரத்துக்கும் இதே கதிதான். ஈரத்தில் ஆணியின்மேல் மோதி நசுங்கிய துளைச் சுவர், உலர்ந்த காலத்தில் ஆணியைப் பற்றும் பிடியை இழந்துவிடுகிறது. இவ்வாறாக, சென்னையில் இருபது வருஷம் பழுதின்றி ஒலித்த பியானோ குண்டடத்துக்கு வந்து முதற்கோடையிலேயே சுருதி நில்லாமல் தத்தளிப்பது உண்டு. வீட்டார் கடைக்காரரைச் சபிக்கிறார்கள். கடைக்காரர் வண்டிக்காரரைக் குறை சொல்கிறார். பௌதிக விதியை ஒருவரும் விசாரிப்பதில்லை.

ஆகவே, பழைய பியானோவொன்று விற்பனைக்கு வந்தால், அது யார் வீட்டில் இருந்தது என்று கேட்பதைவிட, எந்த ஊரில் இருந்தது என்று கேட்பது புத்தி. நமது மாகாணத்தில் பழைய பியானோக்கள் வந்து சேர்ந்த வழிகள் சில. சென்னை அண்ணா சாலையில் இன்றும் நடைபெற்று வரும் மியூஸி மியூசிக்கல், 1842இல் மிஸ்க்வித் கம்பெனி என்ற பெயரில் தொடங்கிய ஸ்தாபனம். பம்பாயில் 1865 முதல் பர்ட்டாடோஸ் கடை இருந்து வருகிறது. இத்தகைய கடைகளின் வழியாகவும் நேரடியாகவும், துரைமார்களின் பங்களாக்களுக்கும் கிளப்புகளுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் இங்கிலாந்திலிருந்து பியானோக்கள் கப்பலில் இறங்கின. அக்காலத்துத் தயாரிப்பாளர்கள் இந்தியாவின் ஈரத்தில் பிசின் இளகிவிடும் என்பதை அறிந்து, இங்கே அனுப்பும் வாத்தியங்களின் மூட்டுகளைப் பித்தளைத் திருகாணிகளாலும் இறுக்கி அனுப்புவார்கள். அந்தத் திருகாணிகள் பெட்டியைக் காப்பாற்றின. ஒலிப்பலகையைக் காப்பாற்ற அவற்றால் ஆகவில்லை.

நீலகிரி, கொடைக்கானல் பங்களாக்களிலிருந்து வரும் பியானோக்களைப் பற்றி ஒரு மோகம் நம்மவர்க்கு உண்டு. குளிர்ந்த இடமாதலால் கெட்டிராது என்று நம்புகிறார்கள். மரத்தைப் பொறுத்தவரை குளிரைவிட ஈரமே முக்கியம். ஆனி ஆடியில் மேகத்துக்குள்ளேயே அமிழ்ந்து கிடக்கும் மலையூரில் தந்தி துருப்பிடிப்பதும் சுத்தியைப் போர்த்திய ஃபெல்ட்டில் பூஞ்சணம் பூப்பதும் சகஜம். இதற்கு மாறாக, பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியிலும், கோவைக்கு அருகே போத்தனூரிலும் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் வீட்டு வாத்தியங்கள் உலர்ந்த காற்றிலேயே பழகியவை. 1947க்குப் பிறகு அக்குடும்பங்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியபோது, கொண்டுபோக முடியாத பாரங்களுள் ஒன்றாகப் பியானோவும் பின்தங்கியது. அப்படிப்பட்டது கண்ணில் பட்டால், பெயர் பெறாத கம்பெனியின் சரக்காயினும், நின்று பார்க்கத் தகுந்தது என்பது என் அபிப்பிராயம்.

பழைய பிரிட்டிஷ் பியானோக்களில் இரண்டு வகைகளை மாத்திரம் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் துணிவேன். முதலாவது, மேல்மூடியைத் திறந்தால் சுத்திகளுக்கு முன்னே செங்குத்தான கம்பிகள் வரிசையாக நின்று, பார்வைக்குப் பறவைக்கூண்டு போலவே தோற்றமளிக்கும் வகை. ஆங்கிலேயர்களே அதற்கு அந்தப் பெயரை இட்டிருக்கிறார்கள். அவற்றில் நாதத்தை அடக்கும் தடுப்புகள் சுத்திக்கு மேலே, தந்தியின் முனைக்கு அருகில் அமைந்திருப்பதால், கட்டையை விட்ட பிறகும் ஒலி முழுதும் அடங்காமல் இழுபட்டு நிற்கும்; பழுது பார்க்கவும் எளிதில் ஆள் அகப்படமாட்டார். இரண்டாவது, தந்தக் கட்டைகள் கொண்டவை. வெள்ளைக் கட்டையின் முகப்பு ஒரே துண்டாக இல்லாமல், கறுப்புக் கட்டைகள் தொடங்கும் இடத்தில் மயிரிழை போன்ற குறுக்குக் கோட்டோடு இரு துண்டுகளாக ஒட்டப்பட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கையில் மெல்லிய வரிகள் தென்பட்டால் அது பெரும்பாலும் யானைத் தந்தம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986இலும் 1991இலும் அதற்குச் செய்த திருத்தங்களும் இந்நாட்டில் தந்த வாணிபத்தை ஆப்பிரிக்கத் தந்தம் உட்பட அடியோடு தடுத்துவிட்டன. பாட்டனார் காலத்துப் பொருள்தானே என்ற சமாதானத்தை நம்பி, குழந்தையின் இசைப் படிப்புக்காக வனத்துறையின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

தற்காலத்தில் சகாய விலையில் கிடைப்பவற்றில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்து வந்த செகண்ட் ஹாண்ட் வாத்தியங்கள். ஹமாமட்சு நகரில் 1887இல் தொழில் தொடங்கிய யமஹாவும், 1927இல் தோன்றிய கவாயும், உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானிய நடுத்தரக் குடும்பங்கள் வீட்டுக்கொரு பியானோ என்று வாங்கிய காலத்தில் இலட்சக்கணக்கில் செய்து தள்ளின. 1980ஐ ஒட்டி அந்த உற்பத்தி உச்சத்தை அடைந்து பின்பு சரிந்தது. அன்று பயின்ற பெண்கள் கல்யாணமாகிப் போன பிறகு மூடிய மூடி மூடியபடியே பல ஆண்டுகள் இருந்த வாத்தியங்கள் இன்று துடைத்து மெருகேற்றப்பட்டுக் கப்பல் ஏறுகின்றன. ஜப்பானுக்கென்று பதப்படுத்திய மரம் வேறு தேசத்துக்கு ஒத்துவராது என்று அமெரிக்காவில் ஒரு சர்ச்சை நெடுநாள் நடந்ததுண்டு. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றுவதால் அறைக்காற்று பாலைவனக் காற்றைப் போல உலர்ந்துவிடும். குண்டடத்தில் கோடையிலும் அவ்வளவு தூரம் போவதில்லையாதலால், அந்த அச்சத்தை நாம் அப்படியே சுவீகரித்துக்கொள்ள அவசியமில்லை. வார்ப்பிரும்புச் சட்டத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைக் கொண்டு எந்த வருஷத்துச் சரக்கு என்று கண்டுவிடலாம் என்பது இவ்வகையில் உள்ள பெரிய சௌகரியம்.

உயரத்தையும் கேட்க வேண்டும். மிக உச்ச ஸ்தாயியின் கடைசித் தந்தி சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ளது. ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் நீளத்தை இரட்டித்துக்கொண்டே போனால், ஏழு ஸ்தாயிகளுக்குக் கீழே 6.4 மீட்டர் நீளத் தந்தி வேண்டியிருக்கும். அதற்கு வீடே போதாது. எனவே மந்தரத் தந்திகளைக் குட்டையாக வைத்து, எஃகின்மேல் செம்புக் கம்பியைச் சுற்றிக் கனமாக்குகிறார்கள். குட்டையும் தடிமனுமான தந்தி வளைய மறுக்கும் தன்மையால், அதன் மேற்சுரங்கள் கணிதப்படி நிற்க வேண்டிய இடத்தைவிடச் சற்று உயர்ந்து ஒலிக்கும்; குள்ளமான பியானோவின் அடித்தொனி தகரத்தைத் தட்டியது போலக் கேட்பதற்கு இதுவே காரணம். யமஹாவின் யூ-1 வகை 121 சென்டிமீட்டரும் யூ-3 வகை 131 சென்டிமீட்டரும் உயரம். 110க்குக் கீழ்ப்பட்ட வாத்தியம் எவ்வளவு பளபளப்பாயினும், சற்றுப் பழையதான உயர்ந்த வாத்தியத்தை அதற்கு மேலாகக் கொள்ள வேண்டும்.

சந்தையில் மாடு பிடிக்கிற குடியானவன் கொம்புக்குப் பூசிய வர்ணத்தில் மயங்காமல் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பது போல, பியானோ வாங்குகிறவனும் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். இடது ஓரத்திலிருந்து எண்ணி 49ஆவது கட்டையைத் தட்டி, கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிமானியைக் காட்டினால், அது 440 ஹெர்ட்ஸ் என்று காட்ட வேண்டும். 435, 436 என்று இருந்தால் பாதகமில்லை. சுருதி சேர்க்கும் ட்யூனர் ஒருமுறை வந்தால் சரியாகிவிடும். 415 என்று காட்டினால் அரைச்சுரம் இறங்கிவிட்டது என்று பொருள். தந்தியின் அதிர்வெண் இழுவையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், அந்த அரைச்சுரத்தை மீட்க இழுவையை 12 சதவீதம் ஏற்ற வேண்டும். 18 டன்னில் அது ஏறத்தாழ 2 டன். துருவேறிய தந்திகள் அந்த முயற்சியில் அறுந்து போவதுண்டு. அறாவிட்டாலும் நாலைந்து முறை ஏற்றினால் தவிரச் சுருதி நிற்காது. சுருதி மிக இறங்கிய பியானோவின் விலையைப் பேசும்போது, இந்த 2 டன்னையும் விலையில் கழித்தே பேச வேண்டும்.

பிறகு முறுக்காணிகள். எல்லா ஆணிகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, சில மட்டும் உள்ளே அடித்து இறக்கப்பட்டிருக்கின்றனவா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; இறக்கப்பட்டிருந்தால் பிடி தளர்ந்ததை யாரோ அவசரத்துக்கு மறைத்திருக்கிறார். கீழ்ப்பலகையின் மேல்விளிம்பில் உள்ள வில்தகட்டை அழுத்தினால் பலகை கையோடு வந்துவிடும். அதற்குள்ளும் பின்புறத்திலும் ஒலிப்பலகை தெரியும். அதில் ஒரு வெடிப்பு இருப்பது மாத்திரம் மரண சாசனமன்று. வெடிப்பின் இரு பக்கமும் பலகையின் பின்புறத்துக் குறுக்குச் சட்டங்களோடு ஒட்டியே இருந்தால் நாதம் கெடுவதில்லை. ஒட்டு விட்டுப் போயிருந்தால் அடித்தொனிகளை ஓங்கி வாசிக்கையில் கிணுகிணுவென்று ஒரு அதிர்வு கூடவே வரும். மூன்று தந்திகள் கொண்ட உச்சஸ்தாயிக் கட்டைகளைத் தட்டினால் ஒலி அலையலையாய் ஏறி இறங்குவது வேறு விஷயம். ஒரு தந்தி 440 என்றும் மற்றொன்று 441 என்றும் நின்றால் விநாடிக்கு ஓர் அலை கேட்கும். அது சுருதி சேர்த்தால் போகும் குற்றம்.

சுத்தியின் ஃபெல்ட் சுத்தமான கம்பளி. தந்தி பதிந்த பள்ளம் ஆழமாகி ஒலி வெட்டென்று கேட்டால் அதை உரசிச் சமன் செய்யலாம், ஓரிரு தடவை. அந்தக் கம்பளியைத் தின்னும் பூச்சியும், கட்டைகளுக்கு அடியில் கூடு கட்டும் எலியும் நம்மூரில் அதிகம். நூற்பாலைக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் பக்கத்து வீடாக இருந்தால் பறந்து வரும் பஞ்சும், ஆடிக்காற்றில் மேற்கு ஜன்னல் வழியாக வரும் புழுதியும் சேர்ந்து, கட்டைகளின் அச்சில் படிந்து மெத்தென்று அடைத்துக்கொள்ளும். உட்சுவரோரமாக, வெயில் படாத இடத்தில் வைத்து, வாசிக்காத நேரத்தில் மூடியை மூடி வைப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு எதுவும் இல்லை. சென்னை வீடுகளில் ஈரத்தை விரட்டப் பியானோவின் அடியில் சிறு மின்விளக்கை எரியவிடுவதைப் பார்த்து, இங்கும் அதைச் செய்யக் கூடாது. உலர்ந்த ஊரில் அது வியாதியை வளர்க்கும் வைத்தியம்.

இத்தனையும் கேட்டவர்கள், மின்விசைப் பியானோவே மேல் அல்லவா என்று கேட்பார்கள். ஆரம்பப் படிகளில் உள்ள குழந்தைக்கு மேல்தான். நல்ல பியானோவின் ஒவ்வொரு சுரத்தையும் ஒலிப்பதிவு செய்து சில்லுக்குள் அடக்கிய அது, மழைக்கும் கோடைக்கும் சுருதி பிசகுவதில்லை. 88 கட்டைகளும் சுத்தியின் கனத்தைப் போன்ற எதிர்ப்பு உள்ளவையாக இருந்தால் விரலுக்கும் சரியான பயிற்சி கிடைக்கும். புதிய பியானோ சில இலட்சங்களில் இருக்க, இது அதில் சிறு பங்குக்குக் கிடைக்கிறது. மின்சுற்று பழுதானால் பத்துப் பதினைந்து வருஷத்தில் உதிரிப்பாகம் அகப்படாமல் போகலாம் என்பதும், மறுவிற்பனையில் விலை பெறாது என்பதும் அதன் குறைகள். ஐந்தாறு படிகள் தேறி, காது பழகி, தொடுகையின் நுட்பம் வேண்டுமென்று குழந்தையே கேட்கும் காலத்தில் தந்திப் பியானோவைத் தேடினால் போதும் என்பதே என் கட்சி.

வாங்கியாகிவிட்டதென்றால், 121 சென்டிமீட்டர் உயரப் பியானோ பெரும்பாலும் 225 கிலோவை ஒட்டி இருக்கும்; குட்டியானை வண்டியில் நிறுத்தியபடியே கட்டிக் கொண்டுவர வேண்டும், மல்லாத்தக் கூடாது. வந்ததும் ட்யூனரை அழைப்பது வீண் செலவு. மரம் இவ்வூர்க் காற்றோடு பழக மூன்று நாலு வாரமாவது விட்டு, அதன்பின் ஒரு முறையும், ஆறு மாதம் கழித்து மற்றொரு முறையும் சுருதி சேர்க்க வேண்டும். பிற்பாடு ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வோர், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரம் மரத்தில் ஏறி நிற்கும்போது அழைக்காமல், தை பிறந்து அது சற்று இறங்கிய பிறகு அழைப்பது நலம். ட்யூனர் கோவையிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வர வேண்டியிருப்பதால், பல்லடத்திலோ தாராபுரத்திலோ பியானோ வைத்திருக்கும் ஒரு தேவாலயத்தையோ பள்ளியையோ விசாரித்து, இரண்டு பியானோக்களையும் ஒரே நாளில் பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொண்டால் அவருடைய வழிச்செலவு இரு பங்காகப் பிரிந்துவிடும்.